லூசியானாச் சதுப்புப் பேய் கொட்டியாரக் கண்டலில் நிற்குமா?

மூதூர்_வாசகி:

13 முதல் 17 வயது வரையான வாசகர்களுக்கு ஒரு பேய்க்கதை. பன்னிரண்டு அத்தியாயம், ஒவ்வொன்றும் 1500 சொல்லளவில். களம், இலங்கையில் திருக்கோணமலைப் பக்கம், கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நடுவே பெயர் சொல்லாத ஒரு கரையோரக் கிராமம். நண்டு பிடிக்கப் போய்த் திரும்பாத அண்ணனைத் தேடி, பத்தாம் தரம் படிக்கும் யாழினியும் அவளுடைய சிநேகிதி ருஸ்னாவும் கண்டல் காட்டுக்குள் போகிறார்கள். உள்ளே ஏதோ ஒன்று அண்ணனின் குரலில் கூப்பிடுகிறது.

அமெரிக்கத் தென்மாநிலச் சதுப்புக் கதைகளில் இருக்கும் அந்தக் கனத்த சூழல்தான் வேண்டும். மரத்திலிருந்து தொங்கும் சாம்பல் நிறப் பாசி, தண்ணீருக்குள்ளிருந்து எழும் முட்டி வேர்கள், தவளைக் கூச்சல், மூடுபனி, மிதக்கும் நெருப்பு, ஆளை விழுங்கும் சேறு, அலிகேட்டர். இவற்றில் எது நம்ம பக்கம் ஒத்துவரும், எதை மாற்ற வேண்டும்? முக்கியமாகச் சேறு: ஒன்பதாம் அத்தியாயத்தில் கெட்டவன் ஒருவன் தலைவரை சேற்றுக்குள் போகிறான். பேய்க்கு என்ன விதி வைக்கலாம் என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

கண்ணாமரம்:

முதலில் மரம். தென்மாநிலச் சதுப்பின் முகமே மொட்டைச் சைப்ரஸ். ஊசியிலை மரம்தான், ஆனால் குளிர்காலத்தில் இலை முழுவதையும் கொட்டிவிடும். அதிலிருந்து தொங்கும் ஸ்பானியப் பாசி உண்மையில் பாசியே இல்லை. அன்னாசிக் குடும்பத்துச் செடி அது, காற்று ஈரத்தைக் குடித்து வாழும், மரத்தை உறிஞ்சாது. இரண்டும் நன்னீர்ச் சதுப்புக்கு உரியவை. கொட்டியாரக் குடாவைச் சுற்றி இருப்பது உவர்நீர்க் கண்டல். அங்கே ஒரு சைப்ரஸ் முட்டி வைத்தாலும் மூதூர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

தொங்குவதற்கு நம்மிடமே ஆட்கள் உண்டு. கொத்தான் கொடியைப் பாருங்கள். இலை கிடையாது, மஞ்சளும் பச்சையுமான நூல் நூலாகக் கரையோரப் பற்றைகளை மூடிக் கிடக்கும். இது உண்மையிலேயே ஒட்டுண்ணி. கீழே இருக்கும் செடியின் சாற்றை உறிஞ்சித்தான் வாழ்கிறது. பயத்துக்கு இது ஸ்பானியப் பாசியை விட நல்ல சரக்கு. உள்ளே போனால் கண்டல் மரத்தின் முளைக்காய்கள். மரத்தில் இருக்கும்போதே முளைத்து, ஒரு முழ நீளத்துக்கும் பச்சை ஈட்டி மாதிரித் தொங்கும். காற்றில்லாத மத்தியானத்தில் ஒன்று கழன்று தண்ணீரில் விழும் ‘தொப்’ சத்தத்துக்கு யாழினி திரும்பிப் பார்க்கலாம். விழுந்தது கொஞ்ச நாளில் நிமிர்ந்து மிதக்கத் தொடங்கும். தண்ணீரில் தலையை மட்டும் நீட்டி நிற்கும் நிரையை அந்தி வெளிச்சத்தில் விபரித்தால் ஒரு பந்தி தாராளமாக ஓடும்.

முட்டி வேருக்குப் பதில் கண்ணா மரத்தின் மூச்சு வேர்கள். பென்சில் தடிப்பில், சாண் உயரத்தில், ஒரு மரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் குத்திட்டு நிற்கும். வெறுங்காலோடு ஓட முடியாது. கண்டல் மரத்தின் ஊன்று வேர்களில் சிப்பி ஒட்டியிருக்கும், பிடித்தால் உள்ளங்கை கிழியும். ‘வேர்களைப் பற்றிக்கொண்டு வேகமாக ஓடினாள்’ என்று எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள். கண்டலுக்குள் ஒருவரும் ஓடுவதில்லை. துரத்தல் காட்சியை மெதுவான துரத்தலாக எழுதுங்கள். துரத்துவதும் அதே வேர்களுக்குள்தானே வர வேண்டும்?

கண்ணா இலையை நக்கிப் பார்த்தால் உப்பு. இலை வழியாகவே உப்பை வெளியேற்றும் மரம், வெயில் நாளில் வெள்ளைத் தூளாகப் படிந்திருக்கும். தில்லை மரத்தை மட்டும் மறக்க வேண்டாம். கிளையை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் எரிச்சல், வீக்கம், தற்காலிகக் குருடு. தோலில் பட்டால் கொப்புளம். விறகாக எரித்த புகையும் கண்ணைக் கெடுக்கும். இலை உதிரமுன் சிவக்கும் என்பதால் பச்சைக் காட்டுக்குள் அந்த மரம் தனியாகத் தெரியும். யாழினி வழி அடையாளத்துக்குக் கிளை ஒடித்துக்கொண்டே போகிறாள், பிறகு வியர்வையைத் துடைக்கிறாள் என்றால், அவளுடைய பார்வையை நீங்களே பறித்துக்கொள்ளலாம், பேய் தேவையில்லை. உடனே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதையும் கதைக்குள் எங்காவது வைத்துவிடுங்கள். வாசகர்கள் சிறுவர்கள்.

இனிச் சேறு. ஆளைத் தலைவரை விழுங்காது. சேறு மனித உடம்பை விட அடர்த்தி கூடியது. முழங்கால், மிஞ்சினால் இடுப்பு, அவ்வளவுதான். கால் வராததற்குக் காரணம், இழுக்கும்போது பாதத்தின் கீழே வெற்றிடம் உண்டாவது. முதலில் போவது செருப்பு. வெளியே வர: பின்பக்கம் சாய்ந்து உடம்புப் பாரத்தைப் பரப்ப வேண்டும். ஒரு காலைச் சின்னச் சின்னதாக ஆட்டி, பக்கத்தால் தண்ணீர் இறங்க விட வேண்டும். ஒரு கால் வந்த பிறகே மற்றது. பிறகு நிமிராமல் தவழ்ந்து போவது. இரண்டு காலையும் ஒரே நேரத்தில் இழுப்பவனும், நிமிர்ந்து நின்று திமிறுபவனும் இன்னும் இறங்குவான். அங்கே ஆளைக் கொல்வது வெயிலும் தாகமும் களைப்பும். உங்கள் கெட்டவனை இடுப்பளவில் நிறுத்துங்கள். விழுங்கப்பட்டவனை விட, பகல் முழுக்க நின்றுகொண்டு பேசுபவன் பயங்கரமானவன்.

இன்னொன்று. சேற்றைக் கிண்டினால் கூழ்முட்டை நாற்றம் வரும், ஐதரசன் சல்பைட்டு. மேலே ஒரு விரல்கடை பழுப்பு, கீழே இரும்பு சல்பைட்டின் கரிய நிறம். இந்த வாயு பட்டால் வெள்ளி கறுக்கும். யாழினியின் காலில் வெள்ளிக் கொலுசு போட்டுவிடுங்கள். உள்ளே போக முன் பளபளப்பு, வெளியே வரும்போது கறுப்பு. இரசாயனவியல் ஆசிரியருக்கு ஒரு விளக்கம், அம்மம்மாவுக்கு வேறு விளக்கம்.

இராவலை:

கண்ணாமரம் மரத்தைப் பார்த்துக்கொண்டார், நான் சத்தத்தையும் வெளிச்சத்தையும் சொல்கிறேன்.

தவளைக் கூச்சலை எடுத்துவிடுங்கள். லூசியானாவில் அது சரி, அங்கே நன்னீர். தவளையின் தோல் உப்பைத் தடுக்காது, அதனால் கண்டலுக்குள் தவளை அருமை. ஆனால் மாரியில் வயல் பக்கம் காது அடைக்கக் கத்தும். இரவில் வயலோர வாய்க்காலால் வள்ளத்தில் வந்து கண்டலுக்குள் நுழையும்போது கத்தல் பின்னால் தங்கிவிடும். கொஞ்சத் தூரத்தில் ஒன்றுமே இல்லை. அந்த அமைதி தொடங்கும் இடம்தான் உப்பு தொடங்கும் இடம். இதை ருஸ்னா முதலில் கவனிக்கட்டும், காரணம் அத்தியாயம் ஆறு வரை வேண்டாம்.

அமைதிக்குள் வேறொன்று கேட்கும்: கடுகு தாளிப்பது மாதிரிப் படபடப்பு, வள்ளத்தின் அடிப்பலகை வழியாக. சொடுக்கும் இறால்கள். ஒரு பக்கக் கொடுக்கு பெருத்தது, அதைச் சட்டென்று மூடும்போது உண்டாகும் நீர்க்குமிழி உடைகிற ஓசை அது. தலையை வள்ளத்தின் அடியில் வைத்துப் படுத்தால் நன்றாகக் கேட்கும். மேலே வக்காப் பறவையின் ‘குவாக்’. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை இங்கே கொண்டுவர வேண்டாம். அது கல்லடிப் பாலத்தின் சொத்து, வாசகர்களுக்கும் தெரியும்.

நெருப்பு. கொள்ளிவாய்ப் பேயை உப்புக் கண்டலில் வைக்காதீர்கள். அழுகும் சேற்றிலிருந்து மெதேன் வருவதுதான் அடிப்படை விளக்கம். கடல்நீரில் சல்பேற்று கூட, அதைத் தின்னும் பக்டீரியாக்கள் மெதேன் உண்டாக்குபவற்றின் உணவைப் பிடுங்கிவிடும். ஆகவே உவர்ச் சேற்றில் நாற்றம் கூட, மெதேன் குறைவு. மெதேன் தானாகப் பற்றுவதும் இல்லை. பொசுபீன் வகை வாயுக்கள் பற்றவைக்கலாம் என்பது ஒரு கருத்து, முடிந்த வழக்கு அல்ல. கொள்ளிவாய் வேண்டுமென்றால் மகாவலி வெள்ளச் சமவெளியின் வில்லுகளில், அதாவது வெள்ளம் தேங்கும் ஆழமற்ற குளங்களில் வையுங்கள். அங்கே நன்னீர், கோரை, அழுகல் எல்லாம் உண்டு. பனிமூட்டத்துக்கும் அந்தப் பக்கம்தான் பொருத்தம், தை மாசி விடியற்காலையில்.

உவர்நீருக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் மிதவை உயிரிகளின் நீல ஒளி. சவள் (துடுப்பு) போடும்போது மட்டும் மினுங்கி அணையும், தொடாத தண்ணீர் கறுப்பாகவே இருக்கும். இதனால் ஒரு நல்ல பயம் கிடைக்கிறது: யாழினி சவளைத் தூக்கி மடியில் வைத்துவிட்டாள், ஆனாலும் இருபது அடி தள்ளித் தண்ணீர் மினுங்குகிறது. அமாவாசையை ஒட்டி வையுங்கள். பறுவத்தன்று நிலா வெளிச்சத்தில் இது எடுபடாது, போன் கமராவிலும் சாதாரணமாக விழாது. போயா விடுமுறையில் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள் என்று பறுவத்தைத் தேர்ந்தால், அந்த அத்தியாயத்துக்கு நிழலையும் வற்றையும் நம்புங்கள்.

வற்றுப் பெருக்கிலும் கவனம். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ‘கடல் பின்வாங்கி மைல் கணக்கில் சேறு தெரிந்தது’ என்பது வேறு தேசம், அல்லது சுனாமி. ஆனால் ஆழமற்ற வாய்க்காலில் அரை மீற்றர் போதும், வந்த வழியால் வள்ளம் திரும்ப முடியாது. நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். திங்கள் மாலை 4 மணிக்கு வற்று என்றால் வியாழன் மாலை 4 மணிக்கும் வற்று என்று எழுதக்கூடாது, அது ஆறரை ஆகியிருக்கும்.

சுவடி:

எதற்கு இந்தப் பாடு? கதையை லூசியானாவிலேயே வைத்தால் என்ன? அங்கே அச்சபலாயாச் சதுப்பு, இல்லாவிட்டால் ஜோர்ஜியா புளோரிடா எல்லையில் ஒக்கிபெனோக்கிச் சதுப்பு, வேண்டிய அளவு தகவல் கிடைக்கிறது. ஒக்கிபெனோக்கியில் கரிச்சேற்றுத் திட்டுகள் மிதக்கும், மிதித்தால் பக்கத்து மரம் ஆடும். தண்ணீர் தேயிலைச் சாய நிறம். லூசியானாவின் கேஜன் மக்களின் ருகாரு என்ற ஓநாய் மனிதனுக்குத் தெளிவான விதியும் உண்டு. வாசற்படியில் பதின்மூன்று சின்னப் பொருள் வைத்தால், பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல் விடியும்வரை திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கும்.

பழைய_பாதை:

சுவடி சொன்னதில் எடுக்க வேண்டியது ருகாருவை அல்ல, அதற்கு விதி இருக்கிறது என்பதை. அந்த விதி அந்த மக்களின் வாசற்படியில் பிறந்தது. இங்கே உள்ளதற்கு இங்கே உள்ள விதி வேண்டும். அதை வேறு யாராவது சொல்லட்டும், நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

மிகப் பெரிய விடயம் அண்ணன். திருக்கோணமலை மாவட்டத்தில் ‘போன அண்ணன் திரும்பவில்லை’ என்று முதல் பக்கத்தில் எழுதினால், வாசகரின் மனம் கண்டலுக்குப் போகாது, போர்க்காலத்தில் காணாமல் போனவர்களின் படத்தைக் கையில் வைத்திருக்கும் தாய்மாரிடம் போகும். பேய்க்கதை அந்த இடத்தைத் தொட்டுவிட்டு ‘எல்லாம் ஆவியின் வேலை’ என்று முடித்தால் அது அநியாயம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஆண்டையும் காரணத்தையும் உடனே தெளிவாக்கி, இது அதுவல்ல என்று காட்டுவது: அண்ணன் போனது போன கிழமை, வள்ளம் கிடைத்தது, ஆள் இல்லை. மற்றது, அதையே நேராக எடுப்பது. 12 அத்தியாயத்தில் அது ஏலாது என்பது என் கருத்து. முதலாவதை எடுங்கள். அண்ணன் உயிரோடு கிடைக்க வேண்டும் என்றும் சொல்வேன்.

காலம் எது? கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. அதற்கு முன் என்றால் துறையில் பாதை (ஆற்றைக் கடக்கும் படகு) வரும்வரை காத்திருந்து ஏற வேண்டும். கடைசிப் பாதை போய்விட்டால் பிள்ளைகள் அக்கரையில் மாட்டிக்கொள்வார்கள், போனும் இருக்காது. பெற்றோரைக் கதையிலிருந்து அகற்ற இதைவிட நல்ல வழி இல்லை. பாலத்துக்குப் பிறகு என்றால், ஏன் ஒரு திறீவீலர் பிடித்து வீட்டுக்குப் போகவில்லை என்று வாசகர் கேட்பார்.

ருஸ்னா கிண்ணியாப் பிள்ளை என்றால் வீட்டில் வாப்பா, உம்மா, ராத்தா, நானா. அவளுடைய பயம் ஜின்னைப் பற்றியது, வாயில் முதலில் வருவது ஆயத்துல் குர்ஸி. யாழினியின் அம்மம்மா வைரவருக்கு நேர்த்தி வைப்பார், வெருகல் முருகனைக் கூப்பிடுவார். இரண்டு பிள்ளைகளும் ஒரே சத்தத்தைக் கேட்டு இரண்டு பெயர் சொல்லட்டும். எது சரி என்று கதை தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூதூர், வாகரைப் பக்கம் கரையோர வேடர் சமூகம் இன்றும் வாழ்கிறது. அவர்களுடைய சடங்குகளை ‘காட்டு மந்திரவாதி’ என்று பூச்சாண்டி காட்டப் பாவிக்கக்கூடாது.

பழைய ஆவி ஒன்று தேவையென்றால் வரலாறே தருகிறது. புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பித்தானும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸும் உட்பட 16 பேர் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தகப்பன் அடுத்த ஆண்டே சிறையிருப்பில் செத்தார், மகன் 1679இல் தப்பினார். கரைக்கு வரச்சொல்லி நயமாகக் கூப்பிட்டுப் பிடித்த கதை அது. தெரிந்த குரலில் கூப்பிடும் உங்கள் பேய்க்கு இதைவிடப் பொருத்தமான மூதாதை வேண்டுமா?

மூதூர்_வாசகி:

காலம் 2008, கடைசிப் பாதை, போன கிழமை போன அண்ணன், கிடைத்த வள்ளம். கெட்டவன் இடுப்பளவில் நிற்பான். பேயின் விதி மட்டும் மிச்சம். முடிவு மார்கழி வெள்ளத்தில் நடக்க வேண்டும்.

உப்புக்கோடு:

மார்கழி என்றால் விதி தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது.

மாரியில் மகாவலி வெள்ளம் குடாவுக்குள் இறங்கும்போது நன்னீர் மேலே படரும், பாரமான உப்புநீர் அடியில் ஆப்பு மாதிரித் தங்கும். காற்றும் அலையும் கலக்காத ஒதுங்கிய வாய்க்கால்களில் இந்த இரண்டு அடுக்கும் நன்றாகத் தெரியும். பேய் உப்புக்கு உரியது என்று வையுங்கள். கச்சான் வீசும் ஆடி ஆவணியில் ஆறு வற்றி, உப்பு உள்ளே ஏறும், பேயின் எல்லையும் வயல் ஓரம்வரை ஏறும். மாரியில் அது போய்விட்டது என்று ஊரார் நினைப்பார்கள். போகவில்லை, அடியில் கிடக்கிறது. மேல்தண்ணீரில் கை நனைத்தால் ஒன்றும் ஆகாது. கம்பை ஆழமாக ஊன்றினால் அதனுடைய வீட்டைத் தட்டியதாகிவிடும்.

பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும், கிழவர் ஒருவர் வந்து விளக்கக்கூடாது. இளையோர் கதையில் விளக்கம் பெரியவரிடமிருந்து வந்தால் பாதி உயிர் போய்விடும். தேவையானவை: ஒரு சோடாப் போத்தல், அதன் அடியில் கட்டிய கல், இரண்டு கயிறு. ஒரு கயிறு போத்தலுக்கு, மற்றது அடைப்பானுக்கு. அடைப்பானை இறுக்காமல் செருகி, இரண்டு மீற்றர் இறக்கி, சுண்டி இழுக்க வேண்டும். குமிழி வந்து நின்றதும் மெதுவாகத் தூக்குவது. மேல்தண்ணீரை ஒரு கையிலும் போத்தல் தண்ணீரை மறு கையிலும் எடுத்து நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் வித்தியாசம் தெரியும். பிழைப்பது இரண்டு இடத்தில்: கல் போதாவிட்டால் வெறும் போத்தல் மிதக்கும், அடைப்பான் இறுகினால் கயிறு அறும்.

இந்த அடுக்குகள் இன்னொரு பரிசும் தருகின்றன. மெல்லிய நன்னீர்ப் படைக்கு மேல் மெதுவாகப் போகும் வள்ளம், கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு அடுக்குக்கும் நடுவே அலை எழுப்பி, தன் வலுவை அதிலேயே இழக்கும். சவள் எவ்வளவு போட்டாலும் யாரோ பின்னால் பிடித்திருப்பது போல இருக்கும், மேற்பரப்பு சலனமில்லாமல் கிடக்கும். நோர்வேயின் நான்சன் 1893இல் ஆர்க்டிக் பயணத்தில் இதைச் சந்தித்தார், கடலியலாளர் எக்மன் 1904இல் விளக்கினார். பாரம் ஏற்றி ஆழ அமிழ்ந்த வள்ளமாக வையுங்கள், அடி ஏறக்குறைய நன்னீர்ப் படையின் தடிப்புக்கு இறங்கியிருந்தால்தான் இது நடக்கும். தப்பும் வழியும் அதிலேயே உண்டு: பாரத்தை எறிந்து வள்ளத்தை உயர்த்துவது. பிள்ளைகள் எதை எறிகிறார்கள் என்பதுதான் உங்கள் பதினோராம் அத்தியாயம். அண்ணனின் நண்டுக்கூடுகளா, கறுத்த கொலுசா? விலை இல்லாத விதி கதைக்கு உதவாது.

கம்பு ஊன்றும் காட்சியில்: சேற்றிலிருந்து இழுக்க முன் கம்பைத் திருக வேண்டும். திருகாமல் இழுத்தால் கம்பு அங்கே நிற்கும், வள்ளம் போய்விடும், பிடித்திருப்பவர் நடுவில் தொங்குவார். இஞ்சின் வள்ளம் என்றால் பேய் நிறுத்தியது என்று எழுத வேண்டாம். பக்கத்தால் பீறும் குளிர்நீர் முதலில் மெலியும், பிறகு நிற்கும், பிறகு சூடேறி இஞ்சின் நிற்கும். உறிஞ்சும் துளையைச் சேறு அடைத்திருக்கும்.

மூதூர்_வாசகி:

விதி கிடைத்துவிட்டது, உப்புதான். கடைசியாக அலிகேட்டர். முதலை என்று மாற்றினால் போதுமா? இரவில் கண் மினுங்குவதை ருஸ்னா காண வேண்டும்.

இராவலை:

பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அலிகேட்டருக்கு உப்பை வெளியேற்றும் சுரப்பி வேலை செய்யாது, அதனால் நன்னீரை விட்டு அதிகம் விலகாது. இலங்கையில் இரண்டு முதலை. குளத்திலும் வில்லிலும் இருப்பது சதுப்பு முதலை, கரையில் குழி தோண்டி முட்டையிடும். கண்டலுக்கு உரியது உவர்நீர் முதலை. நாக்கில் உப்புச் சுரப்பி உண்டு, இலைதழையைக் குவித்து மேடு கட்டி முட்டையிடும், மேட்டைத் தாய் காக்கும். பிள்ளைகள் மிதிப்பது அந்த மேடாக இருந்தால் போதும். அலிகேட்டரின் மூக்கு அகன்று வட்டமானது, வாய் மூடினால் கீழ்ப்பல் தெரியாது. முதலைக்குக் கீழ்த்தாடையின் நாலாம் பல் வெளியே தெரியும்.

கண் மினுங்கல் சிவப்பும் செம்மஞ்சளும். ஒளி வந்த வழியே திரும்பும் என்பதால் ரோர்ச்சைத் தன் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு பிடிப்பவருக்குத்தான் தெரியும். ருஸ்னா அப்படிப் பிடித்தால் அவளுக்குத் தெரியும், வள்ளத்தின் மறு முனையில் இருக்கும் யாழினிக்கு ஒன்றும் தெரியாது. ‘இங்கே ஒன்றுமில்லையே’ என்று அவள் உண்மையாகவே சொல்லலாம். முதலையைக் கொல்ல வைக்காதீர்கள், இரண்டு இனமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கையைத் தண்ணீரில் தொங்கவிடாமல், கரையில் குந்தி முகம் கழுவாமல், நண்டு இரை நாறும் கூடுகளைக் காலடியில் வைக்காமல் இருப்பதுதான் இரண்டு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. மூன்றாவதை அவர்கள் மறந்துவிட்டால் உங்களுக்கு எட்டாம் அத்தியாயம் கிடைக்கும்.